குழாய்க்குச் சுற்றிய வெள்ளைக் கயிறு

எர்ணாவூரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய், வெயில் விழும் சுவரை ஒட்டியே வருகிறது. சித்திரை மதியத்தில் அது தானாக டக் டக்கென்று சத்தம் போடும். திறந்தால் முதல் இரண்டு குடம் கொதிக்கக் கொதிக்க வரும். என் இரண்டு வயது மகள் கை கழுவப் போய் விரல் சிவந்து அலறிய அன்றைக்கு, இந்தச் சனியனுக்கு எதையாவது சுற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நனைத்த கோணியைச் சுற்றினேன். இரண்டே நாளில் நாற்றம் குடலைப் புரட்டியது. காக்கைகள் வேறு பிய்த்துக்கொண்டு போயின. தண்டையார்பேட்டைக் கடையில் கறுப்பு ஃபோம் குழல் காட்டினார்கள். குழாய்மேல் மாட்டி வெள்ளி டேப் ஒட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் வெயிலில் பொடிந்துவிடுமாம். எனக்கு அதெல்லாம் வெட்டி வேலையாகத் தெரிந்தது.

கீழ்வீட்டுத் தம்பி சாத்தாங்காட்டில் பழைய இரும்பு பிரிக்கிறவன். கோணியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாக்கா இது கலீஜா? தூக்கிக் கடாசு. பழைய பாய்லர் பிரிக்கசொல்ல வெள்ளைக் கயிறு வரும். நெருப்பையே தாங்கும், வெயிலு இன்னா பண்ணப்போவுது?"

மறுநாளே ஒரு கட்டு கொண்டுவந்து போட்டான். கட்டைவிரல் பருமன், பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினேன். அரிவாள்மணையில் அறுத்த ஒவ்வொரு முறையும் பொடிப்பொடியாக இழைகள் கிளம்பி வெயிலில் மினுங்கின. மகள் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டித் தட்டி அவற்றைப் பிடித்தாள்.

"ம்மா, பஞ்சு!"

என் கை அப்படியே நின்றுவிட்டது. இதே மாடியில், இதே சுவரோரம், நானும் அப்படித் தட்டியிருக்கிறேன். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களுக்கு உறை சுற்றும் வேலை பார்த்தார். அம்மா ஊறவைக்கும் முன் அவர் சட்டையை உதறிக் கொடுப்பது என் பொறுப்பு. உதறினால் வெள்ளையாகப் பறக்கும். குதித்துக் குதித்துப் பிடிப்பேன். அவருடைய கடைசிக் காலத்தில், நுரையீரலில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், படிந்திருக்கிறது என்றார் மருத்துவர். கல்நார் என்றால் எனக்குக் கூரைத் தகடுதான். அந்தப் பஞ்சை அதோடு ஒருநாளும் சேர்த்துப் பார்க்காத மடச்சி நான்.

அப்போது முதுகுக்குப் பின்னால் அப்பா இருமினார்.

குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, முடிவில் ஒரு 'ம்'. அவர் போய் ஐந்து வருடமாகிறது. சட்டென்று திரும்பினேன். தொட்டியும் துணிக்கொடியும்தான் இருந்தன. குழாய்கூடச் சத்தம் போடவில்லை. மகள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் மறுபடி வந்தது. இந்த முறை என் நெஞ்சு குலுங்கியது; இருமியது நான்தான்.

அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். தலையோடு குளிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் போய், வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, கயிறு முழுவதையும் தண்ணீர் விட்டு நனைத்து அவிழ்த்து இரட்டைப் பையில் கட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் கீழ்வீட்டுத் தம்பி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டெய்லி இத்த தான்க்கா பிரிச்சிகினு கீறேன்" என்றான்.

இப்போது குழாயில் கறுப்பு ஃபோம் இருக்கிறது. வெள்ளி டேப்பும் ஒட்டியாகிவிட்டது. மதியத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைவிட அவளை நினைத்தால் அதிகமாக.

நான் இருமும்போதெல்லாம் மகளுக்கு அது விளையாட்டு. எதிரே வந்து நின்று, சிரித்துக்கொண்டே, அப்படியே இருமிக் காட்டுகிறாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அந்த 'ம்'மைக்கூட விடுவதில்லை.