போர்ட்டோ போய் வருகிறேன்

எங்கள் நானா இறைவனிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் அவர் பிள்ளைகள். எழுதுகிறேன். ஆனால் நான் செய்த ஒரு காரியத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

நானா பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போனபோது அவருக்குப் பதின்மூன்று வயது, தங்கையான எனக்கு இரண்டு. படிப்பை விட்டுவிட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தார். எந்தச் சக்கரமானாலும் பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சத்தமில்லாமல் ஓட வைத்துவிடுவார். வாப்பா காரைக்காலில் பிறந்தவர் என்பதால் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது. பிரான்சில், காலில் மாட்டிக்கொள்ளும் சக்கரங்கள் செய்யும் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். மூக்கின் மேல் கோபம். சட்டைக் காலர் மடங்கிக் கிடப்பதுகூடத் தெரியாமல் வேலை பார்ப்பார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை, ஆனால் அவர்தான் எங்களை வாழவைத்தார்.

அறுபத்தெட்டாம் ஆண்டு உம்மா படுத்த படுக்கையானார்கள். சிதம்பரத்து டாக்டர், இனி வீட்டில் வைத்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மகன் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதைத் தவிர உம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. அந்த நேரத்தில்தான் நானாவின் கடிதம் வந்தது. எங்கள் பரங்கிப்பேட்டை ரயில் நிலையப் பலகையில் அப்போது ஆங்கிலத்தில் போர்ட்டோ நோவோ என்றிருக்கும். நான் பிரித்ததும் கண்ணில் பட்டவை 'வியாழக்கிழமை', 'போர்ட்டோ', 'வருகிறேன்' என்ற மூன்று சொற்கள்.

"உம்மா, நானா வர்றாங்க! வியாழக்கெழம வர்றாங்க!" என்று கத்திவிட்டேன்.

மறுநாள்தான் நிதானமாகப் படித்தேன். 'வியாழக்கிழமை போர்ட்டோ போய் வருகிறேன்' என்று எழுதியிருந்தார். படுத்திருக்கும் தாய்க்கு யார்தான் 'போகிறேன்' என்று எழுதுவார்கள்? அந்தப் போர்ட்டோ, போர்ச்சுக்கல் நாட்டில் இருக்கும் ஊர். காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கிக்கு அங்கே உலகப் போட்டியாம். பல நாட்டு அணிகள் வருகின்றன, ஆட்டக்காரர்களின் சக்கரங்களைப் பழுது பார்க்கக் கடையிலிருந்து தன்னை அனுப்புகிறார்கள் என்று பெருமையோடு எழுதியிருந்தார். ஆனால் உம்மா அதற்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம், உம்மா பிடிவாதமாக என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். கடலூரிலிருந்து வந்த வண்டியில் இரண்டு மீன்காரப் பெண்கள் மட்டும் இறங்கினார்கள். வண்டியைத் தவறவிட்டுவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என வீட்டுக்குத் திரும்பினேன்.

உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முகம் அப்படித் தெளிந்திருந்தது.

"நீ அங்க நிக்கிற, அவன் இங்க வந்துட்டுப் போய்ட்டான். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வூட்டுக்குள்ள வர்றான். கழட்டுடான்னா, நேரமில்ல, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுதுங்கிறான். காலர் மடங்கிக் கெடந்துச்சு, சரி பண்ணி வுட்டேன்."

சக்கரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் படித்துக் காட்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினேன்.

"ஆளப் பாக்கலடி. ஒங்க வூட்டு சிமெண்டுத் தரையில என்னமோ கடகடன்னு உருண்டுச்சு. அப்புறம் ஒங்க உம்மா சிரிச்சாங்க. அவுங்க சிரிச்சு எத்தன நாளாச்சு!" என்றார் மாமி.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது உம்மாவின் உயிர் பிரிந்தது. தந்தி பிரான்சுக்குப் போனதால் நானாவின் கைக்குப் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. போட்டியில் போர்ச்சுக்கலே ஜெயித்த செய்தியோடு கடைக்குத் திரும்பியபோதுதான் அதைக் கையில் வாங்கினாராம். ஊர் வந்தவர் உம்மாவை அடக்கிய கபரடியில் உட்கார்ந்து, "நான் இல்லியே, நான் இல்லியே" என்று அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சாகப்போகிற தாயை ஏமாற்றினாயா என்று கேட்பாரோ எனப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அதையே சொல்லி அழுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சென்ற ஆண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அவர் இருந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"காலரயா சரி பண்ணுனாங்க?"

"ஆமா நானா."

"அந்த வியாழக்கெழம போர்ட்டோவுல குனிஞ்சு சக்கரம் மாட்டிக்கிட்டிருந்தேன். பின்னாலேருந்து யாரோ காலர இழுத்து வுட்டாங்க. திரும்பிப் பாத்தா ஆளே இல்ல. யாருன்னு இத்தன வருஷமா தெரியாமலே இருந்தேன் புள்ள."

அதன் பிறகு நான்கு நாட்கள் இருந்தார். 'நான் இல்லியே' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நானாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த கடலூர், சிதம்பரம் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நானாவுக்காகத் துஆ செய்யுங்கள். தெரிந்தும் வாயைத் திறக்காமல் அவரை இத்தனை வருடம் அழவிட்ட எனக்காகவும் செய்யுங்கள்.