எனக்கு ஊற்றிய கொயினா

பிறந்தபோது என்னை ஆண்பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் நான் பெண்தான். மலாயாவில், பாலோவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆண்கள் வரிசையை விட்டுப் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். பெரட்டு என்றால் வேலைக்கு அனுப்பும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கங்காணி என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“இங்க உனக்கு என்ன வேல?”

“களையெடுக்கிற வேலைங்க.”

பெண்கள் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. “மழை விடறதுக்குள்ள இந்தச் சீக்கு தீரணும். இல்லன்னா தொரைகிட்ட சொல்லி ஊருக்குக் கப்பலேத்திடுவேன்” என்றார். ஊரில் இருந்த சொந்தங்கள்தான் என்னை மொட்டையடித்துத் துரத்தியவர்கள். அங்கே திரும்பிப் போவதைவிடக் கடலில் குதிக்கலாம்.

முதல் வைத்தியம் கம்பத்து, அதாவது பக்கத்து மலாய்க் கிராமத்து, போமோ. அந்த மலாய்க்கார வைத்தியர் சாம்பிராணிப் புகை போட்டு, என் முகத்தை நிதானமாகப் பார்த்து, சாக்கிட் ஒன்றும் இல்லை, நோயே இல்லை என்று சொல்லிவிட்டு, கங்காணி கொண்டுபோன சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அலமாக்! சாக்கிட்டே இல்லன்னா சேவல் எதுக்குய்யா?” என்று கங்காணி வழியெல்லாம் புலம்பினார். என்னைக் கேட்டால் அந்தச் சேவல் வீண்போகவில்லை.

அடுத்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். டாக்டர் எப்போதாவது டவுனிலிருந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி டிரசர் வைத்ததுதான் சட்டம். அவருக்குத் தெரிந்த நோய் காய்ச்சல், தெரிந்த மருந்து மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினா. கால் சுளுக்கினாலும் கொயினா, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாலும் கொயினா. என் கதையைக் கேட்டதும், “காய்ச்ச மூளைக்கு ஏறிடுச்சு” என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரட்டில் எல்லாருக்கும் ஒரு மடக்குக் கொயினாத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். அதை வாயில் அடக்கிக்கொண்டு போய் ரப்பர் மரத்தடியில் துப்புவது அதைவிடப் பழைய வழக்கம். அந்த மரங்களுக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை. எனக்கு மட்டும் துப்ப வழியில்லை. டிரசர் எதிரிலேயே நின்றுகொள்வார்.

“முழுங்கிட்டியா? நாக்க நீட்டு. இப்ப சொல்லு, நீ ஆணா பொண்ணா?”

“பொண்ணுதாங்க.”

“இன்னொரு மடக்கு குடி.”

மருந்து ஏற ஏறக் காதுக்குள் வண்டு குடியேறி இரைந்தது. வெல்லம்கூடக் கசந்தது. ஆண் என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. ஆனால் வாய் வரவில்லை.

மழை விட்டது. கங்காணி என்னைக் கப்பலேற்றும் முன் காய்ச்சல் அவரைப் பாயில் ஏற்றிவிட்டது. மரத்துக்கு மருந்து ஊற்றியவர்கள் எல்லாரும் படுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ஊற்றிய டிரசர் தன் வாயில் ஒரு சொட்டு விட்டதில்லை போலிருக்கிறது, அவரும் விழுந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நிமிர்ந்து நின்றது நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் கஞ்சி வைத்தேன், துணி அலசினேன், மருந்து ஊற்றினேன். பெண்கள் “அக்கா, தண்ணி” என்று கூப்பிட்டார்கள். ஆண்கள் என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் இருமினார்கள்.

டிரசரிடம் கொயினாவைக் கொண்டுபோனேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“கசக்கும். வேணாம்.”

“குடிங்க. முழுங்கிட்டீங்களா? நாக்க நீட்டுங்க பாப்போம்.”

நீட்டினார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் அந்த நடுக்கத்திலும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “போயிடாதம்மா” என்றார். அந்த ‘அம்மா’வுக்கு என் கண் கலங்கிவிட்டது.

தோட்டம் தேறி மறுபடியும் பெரட்டு கூடியது. நான் பெண்கள் வரிசையில் நின்றேன். கங்காணி என் முன்னால் வந்து நின்று, டிரசரைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னங்க, மருந்து கேட்டுச்சா?”

“நல்லாக் கேட்டுச்சு. நான் குணமாயிட்டேன்” என்றார் டிரசர்.

கங்காணி தலையைச் சொறிந்தார். பிறகு, “களையெடுக்கப் போ, போ” என்று என்னைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

டிரசர் என் கையில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. என்னைப் பிழைக்க வைத்தது கொயினாதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மற்றப் பெண்களோடு ஓடிப்போய், ஒரே மரத்தடியில், சிரித்துக்கொண்டே துப்பினேன்.