வாழைக்கயர்

மயிலிட்டியில் மீன்பெட்டி தூக்கும் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு கலியாண வீட்டு வாசலில் புதிதாக வெட்டிக் கட்டிய வாழைகளிலிருந்து கறை பிடிக்கும் கயர்ப்பால் சொட்டியது. அந்த மணத்தில் கால் நின்றுவிட்டது.

அந்த மணம் முதலில் என்னில் ஒட்டியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்ப் பொதுத் தோட்டத்தை இருபது வருடம் சம்பளமில்லாமல் நடத்திய நாகம்மா மாமிக்குப் பாராட்டு விழா. ஊர்ச் சங்கத்தார் விழா வாசலில் கட்ட வாழை தேட, நான் அந்தப் பொதுத் தோட்டத்துக்கே ஓடி இரண்டைக் குலையோடு வெட்டி, யாருமில்லாத நேரம் வாசலில் சாத்தினேன்.

மாமி வந்ததும் பிஞ்சுக் காய்களைத் தடவினார்.

"இது அன்னம் வீட்டுக்கெண்டு விட்ட குலையெல்லே? புருசன் செத்து, பிள்ளையள் அரைவயித்தோடை கிடக்குதுகள். ஆர் வெட்டினது?"

"ஆரோ உங்கடை விழாவெண்டு வெட்டியிருக்கினம், அக்கா," என்று செயலாளர் இளித்தார். "வாசல் வடிவாக் கிடக்கெல்லே?"

"வடிவை அன்னம் அவிச்சுக் குடுப்பாளோ?"

நான் சனத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் வெள்ளைச் சேட்டு முழுக்கக் கயர்க் கறை. மேடையில் பொன்னாடை போர்த்தும்போது மாமி அதைக் கண்டுவிட்டார். இறங்கி வந்து, அந்தப் பொன்னாடையை என் கழுத்துவரை சுற்றினார்.

"பொடியனுக்குக் கூதலாம்," என்றார். சித்திரை வெயில் கொளுத்தியது.

பிறகு நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கும் போகவில்லை. அந்தப் பொன்னாடையின் பாரம் மட்டும் இன்னும் கழுத்தில் கிடக்கிறது.

அந்தக் கலியாண வீட்டு வேலியோரமே இரவு தங்கினேன். மறுநாள் காலை அங்கே பந்தல் பிரிக்க ஆள் தேடினார்கள்; நான் போய் நின்றேன்.

"முதல்லை உந்த வாழையளை அவிழ், தம்பி."

கயர் படுமுன் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தொடங்கினேன்.