அவிழ்க்காத காப்பு

நிக்கோட்டின் கலந்த தண்ணீரைப் பல மாதங்கள் குடித்துப் பழகிய சுண்டெலி அது. வெறும் தண்ணீருக்கு மாற்றிய மறுநாள் அதைச் சோதனைப் பலகையின் நடுவில் விட்டேன். கூட்டல் குறி போன்ற பலகை. இரண்டு பக்கம் சுவர் உண்டு, இரண்டு பக்கம் திறந்த வெளி. முந்தைய வாரம்வரை வெளிப்பக்கம் எட்டிப் பார்த்த எலி, அன்று சுவரோரம் போய் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது. தெரிந்த வழியிலேயே தடுமாறியது. நாமக்கல் பக்கத்து மருந்தியல் கல்லூரி ஒன்றில் எனக்கு இதுதான் வேலை. குறித்துக்கொண்டு அடுத்த எலியை எடுக்க வேண்டியதுதான். ஆனால் அன்று கை ஓடவில்லை. அதே வாரம் எங்கள் வீட்டில் அண்ணனும் புகையிலையை நிறுத்தியிருந்தார்.

அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் டிரைவர். போர் போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். உதட்டுக்குள் புகையிலை ஒதுக்காமல் அவருக்கு வண்டி ஓடாது. போகப்போக வாய் திறப்பதே குறைந்துவிட்டது. இட்லியைக் கிள்ளிக் கிள்ளித்தான் உள்ளே தள்ளுவார். இதை விடாவிட்டால் புற்றில் கொண்டுபோய் விடும் என்று சேலத்து டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு அண்ணனைக் காப்புக் கட்ட வைத்துவிட்டார். எங்கள் ஊரில் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டியவர் நோம்பி முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கள், புகையிலை என்று லாகிரி எதையும் தொடக் கூடாது.

"இனி அவ பாத்துக்குவா சாமி" என்றார் அம்மா, கோயில் பக்கம் கைகாட்டி.

தேசமெல்லாம் சுற்றிய மனிதர் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார். சொன்னதையே திரும்பக் கேட்பார். தலையில் தூக்கிவைத்து ஆடிய மகள் மேலேயே எரிந்து விழுந்தார். புகையிலையை மட்டும் தொடவில்லை. பலகையில் தடுமாறிய எலிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டு, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை வாங்கிக்கொண்டு போனேன். சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு அதையும் குறைத்து நிறுத்துகிற மருந்து.

"இதுக்குள்ள என்ன கண்ணு இருக்குது?" என்று அம்மா கேட்டார். புகையிலையில் இருக்கும் அதே நிக்கோட்டின்தான் என்று மறைக்காமல் சொன்னேன்.

"அப்பப் போயலைதானே? காப்புக் கட்டுன ஒடம்புல அதைய ஒட்டறதா?"

மருந்து, மருந்து என்று படித்துப் படித்துச் சொன்னேன். கடைசியில் அண்ணனே அதை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் அம்மிணி. அவள ஏமாத்துன மாதிரி ஆயிரும்."

நோம்பி முடிந்து காப்பு அவிழ்ந்தது. மறுநாளே வண்டி கிளம்பியது, எல்லை தாண்டியதும் புகையிலைப் பாக்கெட்டும் பிரிந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் இதே கதை. நோம்பிக்கு நிறுத்துவார், அவிழ்த்ததும் தொடங்குவார். அம்மாவோ நோம்பி நாட்களை மட்டும் நினைத்துப் பூரித்துக்கொள்வார். வாய் இன்னும் குறுகிக்கொண்டே வந்தது.

இந்த வருடம்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. நோம்பி முடிந்த அன்று காப்பை அவிழ்க்கப் பூசாரி கூப்பிட, எல்லோரும் கையை நீட்டினார்கள். அண்ணன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை. வண்டி வேறு டிரைவரோடு வடக்கே போய்விட்டது. அழுக்கேறிக் கருத்த கயிற்றோடு அண்ணன் ஊருக்குள்ளேயே கிடக்கிறார். அம்மாவே இப்போது அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

நேற்று சேலத்துக்குக் கூட்டிப் போகக் காரோடு போனேன். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தார், டாக்டர் உடனே பார்க்க வேண்டும். எல்லைக் கல்வரை காரில் பேசிக்கொண்டே வந்தவர், நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

"வாங்கண்ணா, போயிட்டு உடனே வந்தரலாம்" என்றேன்.

"காப்போட தாண்டக் கூடாது அம்மிணி. அவுத்துட்டு வந்தா, டாக்டரப் பாக்கறதுக்கு மிந்தியே கடையில வாங்கிப் போட்டுக்குவேன். எனக்கு என்னையத் தெரியும்."

கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கல்லைத் தாண்டாமல் குனிந்து, அதிகம் திறக்காத வாயால் மெதுவாகக் கேட்டார்: "அந்த டாக்டரு இங்க வருவாரான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறியா?"