முகம் தெரியாத இடத்தில்

ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டும்போது போனில் செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் இறங்கவில்லை. பெங்களூரு போய், அன்றைய டப்பிங்கைப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

கன்னட சீரியல்களுக்கு அவர் தமிழ் வசனம் எழுதியது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். ரயில் புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பார். நடிகையின் உதடு மூடும்போது தமிழும் மூட வேண்டுமே என்று வழி முழுக்க வாயசைத்துக்கொண்டே வருவார். பார்ப்பவர்கள் ஜெபம் செய்கிறார் என்று நினைப்பார்கள்.

ஒரு தொடரில் பள்ளி மாணவி ஒருத்தி, தன் வகுப்புத் தோழியை விரும்புவதாக அம்மாவிடம் சொல்கிறாள். அந்த அம்மாவுக்கு நான்தான் குரல்.

"பையனைப் புடிச்சா பாட்டு வைக்கிறான், பொண்ணைப் புடிச்சா டாக்டரை வைக்கிறான். இன்னா நியாயம் இது?" என்றார் அக்கா.

கன்னடத்தில் அம்மா முதுகு காட்டி நின்று, ‘நீ என் மகளே இல்லை’ என்கிறாள். முகம் தெரியாத இடத்தில் உதட்டுக்குப் பொருத்த வேண்டியதில்லை. அக்கா எழுதினார்: "நீ என் பொண்ணுதான். மொதல்ல வந்து சாப்பிடு."

நான் பேசினேன், ஒளிபரப்பாகியும்விட்டது. அடுத்த எபிசோடில் அதே அம்மா மகளை வீட்டைவிட்டுத் துரத்தினாள். முகம் நேராகத் தெரிந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சாப்பிடக் கூப்பிட்டவ எப்படிம்மா துரத்துவா?" என்று சேனல் நிர்வாகி கத்தினார்.

"அவ துரத்தட்டும் சார். பாக்குற வீட்ல ஒரு அம்மாவுக்காவது இன்னா பேசறதுன்னு தெரியணும் இல்ல?"

அந்தத் தொடர் அக்கா கையைவிட்டுப் போனது. வேறு வேலை கிடைக்க வெகுநாளாயிற்று. அதைச் சொல்லி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு, பத்தாவது படிக்கும் என் மகள் சமையலறை வாசலில் நின்று, அந்தத் தொடரின் மாணவி சொன்னதையே என்னிடம் சொன்னாள். அக்காவைப் பற்றி இதை எழுதச் சொன்னதும் அவள்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா எழுதி நான் ஏற்கெனவே பேசிய வசனம்தான் வந்தது.

மறுநாள் ரயிலில் அக்காவிடம் சொன்னேன்.

"சாப்டாளா?"

"சாப்ட்டாக்கா."

அடக்கத்தின்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் பாட, நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். குழியில் மண் விழத் தொடங்கியபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கை.