சாத்தாங்காடு சுற்றிப் போன சைக்கிள்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி திருவொற்றியூரில் மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கே ஃபிட்டர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர், சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே திரும்பி வந்தார். கேட்டைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். கம்பெனியைத் திறக்கச் சொல்லித் தொழிலாளிகள் கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே போயின.

நான் ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து வாடகையும் பிள்ளைகள் படிப்பும் ஓடவில்லை. மோட்டார் பைக்கை விற்றோம். பிறகு என் பெரியப்பா மகன் எண்ணூரில் நிலக்கரி யார்டில் ஒரு கான்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லிவைத்தார். போகட்டுமா என்று இவர் கேட்கவில்லை, போங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை கிளம்பிவிட்டார், அவ்வளவுதான்.

துபாய்க்குப் போன என் தம்பியின் கியர் சைக்கிள் கொருக்குப்பேட்டையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்று அவனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கூட்ஸ் யார்டில் கொட்டிவைத்த ஜல்லிக் குவியலைத் தவிர எங்கள் பக்கம் மலை ஏது? டயர் இரண்டும் தடிதடியாக, மேலெல்லாம் பல் பல்லாக இருக்கும். அதில்தான் இவர் எண்ணூருக்குப் போய்வந்தார்.

"தார் ரோட்டுல இது ஓடலமே. யாரோ பின்னாலேர்ந்து புடிச்சி இழுக்கறாமாரி கீது" என்பார்.

முட்டிவலியைவிடப் பஞ்சர்தான் பெரிய பேஜாராக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் பேசினில் தண்ணீர் நிரப்பி, டியூபை அழுத்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். என் நூல் வெட்டும் கத்திரியின் முனையால் டயர் பற்களுக்கிடையில் சிக்கிய இரும்புச் சுருள்களை நோண்டி எடுத்துப் பேப்பரில் வைப்பார். கம்பெனியைப் பற்றிப் பேசமாட்டார். பந்தலைப் பற்றி நான் கேட்டால் எழுந்து போய்விடுவார். அந்த நாட்களில் அவர் வாயைத் திறந்தது டயருக்காக மட்டும்தான்.

"எங்கேர்ந்து வருது இம்மாம் இரும்பு?" என்று ஒருதடவை கேட்டேன்.

"ரோடு பூரா அதான்" என்றார்.

தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய், "மொட்டை டயர் போடு நைனா, காத்து மாரி போவும்" என்று வழவழப்பான டயரை மாட்டிவிட்டார். உண்மையாகவே காற்று மாதிரிதான் போனது. மழை பிடிக்கும் வரைக்கும். யார்டுக்குப் போகிற ரோட்டில் கரித்தூளும் சாம்பலும் கரைந்து கூழாக ஓடும். கடற்கரைப் பக்கம் காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பியிருக்கும். ஒரு திருப்பத்தில் சைக்கிள் வழுக்கி இவர் விழுந்தார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரன் எப்படியோ பிரேக் போட்டு நிறுத்தி, இறங்கி வந்து அசிங்கமாகத் திட்டிவிட்டுத்தான் போனானாம். தோள் வரைக்கும் கறுப்புச் சேற்றோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து என் சின்ன மகள் அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவரைப் பாரிமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெரிய சைக்கிள் கடையில் விதவிதமான டயர்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர், "எந்த ரோட்டுல ஓட்டுறதுக்கு?" என்று கேட்டார்.

இவர் சொல்ல ஆரம்பித்தார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தண்டவாளத்துப் பள்ளம், லாரி போய்ப்போய் அலையலையாகிவிட்ட தார், சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குள் கொட்டிக்கிடக்கும் சுருள், அப்புறம் மணல், அப்புறம் சாம்பல் சேறு. கையால் காற்றில் வளைவுகளைப் போட்டுக்காட்டினார். இத்தனை மாதத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"சாத்தாங்காட்டுக்குள்ள எதுக்கு சார் பூர்றீங்க?" என்றார் கடைக்காரர். "மெயின் ரோட்டுலயே நேரா போனா எண்ணூர். பாதி பஞ்சர் அதுலயே நின்னுடுமே."

இவர் கை காற்றிலேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது. "அந்த வழி வேணாம்" என்றார்.

கடைக்காரர் நடுவில் இடைவெளியே இல்லாமல் மேடாக ஒரே கோடும் இரண்டு ஓரத்திலும் பற்களுமாக ஒரு டயரை எடுத்துக் காட்டினார். நேராகப் போனால் கோடு உருளும், சாய்ந்தால் பல் பிடிக்கும் என்றார். கனமான டியூபும் போட்டுக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஜன்னலோரம் டயர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராயபுரம் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

"அவுனுங்க இன்னும் பந்தல்ல உக்காந்துகினு கீறானுங்கமே. நான் வேற கம்பெனி சட்டைய மாட்டிகினு அவுனுங்க முன்னால எப்படிப் போவேன்?"

டயரிலிருந்து புது ரப்பர் வாசனை வந்துகொண்டிருந்தது.

அந்த டயர் சரியாகத்தான் அமைந்தது. பஞ்சர் குறைந்தது, மழையிலும் விழவில்லை. ஆனால் பஞ்சர் இல்லாத சாயங்காலங்களில் அவருக்குப் பேச ஒன்றுமில்லாமல் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் முடியும்போது ஒருநாள் வேலைக்குப் போனவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. இருட்டிய பிறகுதான் வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். காலையில் சாத்தாங்காட்டு மார்க்கெட்டில் ஒரு கடை வாசலில் கேஸ் கட்டர் வைத்து ஒரு மெஷினை அறுத்துக்கொண்டிருந்தார்களாம். கம்பெனியில் அவர் பழுது பார்த்துவந்த பிரஸ் மெஷின்.

"வேற கம்பெனியோடதா இருக்கும்" என்றேன்.

"கைப்பிடி ஒடைஞ்சப்ப நான்தாமே வெல்டு வெச்சேன். என் வெல்டு எனக்குத் தெரியாதா?"

கம்பெனிக்காரர்கள் மெஷின்களைக் கழற்றிப் பின்பக்கக் கேட் வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முன்பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

அன்றைக்கு அவர் யார்டுக்குப் போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மெயின் ரோட்டுக்கே போயிருக்கிறார். பந்தலுக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். அவர்களில் ஒருவர், கூடவே வேலை பார்த்தவர், "வா மாமு, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கறே" என்று கூப்பிட்டாராம்.

உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். யாரும் சத்தம் போடவில்லையாம். "உன் கண்ணால பாத்தியா?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். "பாத்தேன்" என்றார் இவர். எல்லோரும் சேர்ந்து பின்பக்கக் கேட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். உள்ளே ஷெட் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. திரும்பி வந்ததும் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறிப் பந்தலில் கட்டியிருந்த பேனரின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். இவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"டீ வாங்கிக் குடுத்தானுங்க" என்றார் என்னிடம். "காசு நான் குடுக்கறேன்னேன். வுடல."

மறுநாளிலிருந்து அவர் மெயின் ரோட்டிலேயே போனார்.