ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் காட்டிய வாட்ச்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நட்டு, போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சாதாரண ஸ்கேலாக இருந்தாலும் நான் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் ஆள் தொடலாம். ஸ்டிக்கர் இல்லாததை எடுத்ததற்காகச் சூப்பர்வைசரையே முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஏமாந்தேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்து இரும்பு ஆலையில் காண்டிராக்ட் ஆள். போலீஸ் வேலைக்கு எழுதி எழுதி இந்த முறைதான் எழுத்துத் தேர்வில் தேறினார். வயது வரம்பும் இந்த முறையோடு முடிகிறது. அடுத்தது ஓட்டத் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். ஒரு நொடி கூடினாலும் வெளியே.

தூரமும் நேரமும் சேர்த்துக் காட்டும் ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று இருந்தால் நல்லது என்றார். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் வாட்ச்தான் பார்த்தேன். “இன்னாக்கா, மாப்ள பாக்கிறாப்புல பாத்துக்கினு கீற?” என்று கூட வேலை செய்யும் பெண் கிண்டலடித்தாள். நல்லதெல்லாம் என் சம்பளத்தை விழுங்கும் விலை. கடைசியில் மூவாயிரத்துக்குள் ஒன்று கிடைத்தது. டப்பா மேல் ஜிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

விடியற்காலையில் தொழிற்பேட்டை ரோட்டில் ஓடுவார். போனை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போவார். அன்றைக்கு வேலை உண்டா என்று காண்டிராக்டர் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். எடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் எடுத்துப் பேச நான் வீட்டில் இருப்பேன்.

ஒரு மாதத்தில் வாட்ச் ஆறு நிமிடம் ஐம்பது நொடி காட்டியது. “பாஸு மே” என்று வாசலிலிருந்தே கத்தினார். அன்றைக்குக் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன்.

அடுத்த வாரம், ஸ்டிக்கர் இல்லாத கேஜை வைத்துச் சரக்கை அளந்த ஒருவனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். “இது சொல்றது நெசம்னு யாருடா உனக்குச் சொன்னது?” கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வாட்சை யார் சரிபார்த்தது?

கேட் பாஸ் எழுதி முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பை வெளியே கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனோம். வாட்ச் ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்ன இடத்தில் டேப் ஆயிரத்து இருநூற்று அறுபதுதான் சொன்னது. நம்பாமல் திரும்பவும் அளந்தேன். அதே அறுபது.

வீட்டுக்கு வந்துதான் வாட்சோடு வந்த தாளைப் படித்தேன். போன் கூட இருந்தால்தான் அதற்கு ஜிபிஎஸ். இல்லாவிட்டால் கை வீச்சைப் பார்த்துக் குத்துமதிப்பாகத் தூரம் போடும் என்று பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுதேன். “உடு மே, இன்னும் ஆறு வாரம் கீதுல்ல” என்றார். அவர் முகமும் செத்துத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, சரிபார்த்த ஸ்டாப்வாட்சோடு, டேப்பால் அளந்து போட்ட உண்மையான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் கோட்டில் நான் நின்றேன். முதல் நாள் எட்டு நிமிடத்துக்கு மேல் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தேர்வுக்கு முந்தின நாள் கோட்டைத் தாண்டி ரோட்டிலேயே விழுந்து கிடந்து, “எவ்ளோ?” என்று கேட்டார்.

ஏழு நிமிடம் நான்கு நொடி.

ஆறு ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “ஏழு நாலு” என்றேன்.

“வாய் வார்த்தைக்கு ஒரு பொய் சொன்னா இன்னாமே குறைஞ்சிடும்?” என்றார். அவ்வளவுதான், அப்புறம் என்னோடு பேசவில்லை. நானும் வீம்புக்குப் பேசவில்லை. உள்ளுக்குள் மட்டும், பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அடித்துக்கொண்டேன்.

மறுநாள் திருவள்ளூரில் மைதானத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு போனார்கள். இவர் நொண்டிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஆறு அம்பத்தொம்போது.”

அத்தனை பேர் முன்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

“கடைசி ரவுண்டுல காலே வரல மே,” என்றார். “நேத்து நீ ஏழு நாலுன்ன பாரு, அந்த நாலு செகண்டத்தான் தொரத்திக்கினு ஓடினேன்.”